ஜார் காலத்துச் சில்லறை வெள்ளி

பொழுதுபோக்குகள் பலவகைப்படும். எங்கள் வகுப்பில் தபால்தலை சேர்ப்பவர்கள் பலர் உண்டு. தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்களும் உண்டு. நாங்கள் மூன்று பேர் மட்டும் நாணயம் சேர்க்கிறோம். “பழைய காசை வைத்துக்கொண்டு என்ன வாங்கப் போகிறீர்கள்?” என்று வீட்டில் கேலி செய்வார்கள். பழைய காசு கொண்டு மிட்டாய் வாங்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரு நாட்டின் சரித்திரத்தை அதைக்கொண்டு வாங்கலாம் என்பதை இந்த ஆண்டு நாங்கள் கண்டுகொண்டோம்.

ரஷ்ய நாட்டில் ஜார் சக்கரவர்த்திகள் காலத்தில் வழங்கிய சின்னஞ்சிறு வெள்ளிக் காசுகளைப் பற்றி இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம். அத்துடன் நாங்கள் செய்த ஒரு தவற்றையும் கூற வேண்டியுள்ளது. அதை மறைத்துவிட்டால் கட்டுரை முழுமை பெறாது.

டப்பாவில் இருந்த நான்கு காசுகள்

எங்களில் ஒருத்தியின் தாத்தா கப்பலில் வேலை பார்த்தவர். 1974ஆம் ஆண்டு அவருடைய கப்பல் கருங்கடலில் உள்ள ஒடெஸ்ஸா துறைமுகத்தில் சில நாட்கள் நின்றதாம். அத்துறைமுகம் அன்று சோவியத் நாட்டில் இருந்தது. இன்று உக்ரேன் நாட்டில் உள்ளது. அங்கே பழக்கமான முதியவர் ஒருவருக்குத் தாத்தா ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தார். மறுநாள் அந்த முதியவர் நான்கு சிறு காசுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து, தாத்தாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாராம். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்தக் காசுகள் தாத்தாவின் தகர டப்பாவிலேயே இருந்தன.

பள்ளிக் கண்காட்சிக்காகத் தாத்தா அந்த டப்பாவை எங்களிடம் நம்பிக் கொடுத்தார். திறந்து பார்த்தோம். ஐந்து, பத்து, பதினைந்து, இருபது என்று எண் பொறித்த நான்கு காசுகள். எல்லாம் கறுத்துப் போயிருந்தன. மேசைமேல் வைத்தால் யார் கண்ணிலும் படாதே என்று கவலைப்பட்டோம். ஆகவே மிகச் சிறியதாகிய ஐந்து கோபெக் காசை எடுத்து, புளியும் செங்கல் பொடியும் வைத்து, வீட்டில் குத்துவிளக்கை விளக்குவது போல நன்றாக விளக்கினோம். ஒரு பக்கம் பளபளவென்று வந்தது. மறுபக்கத்தைத் தொடும் முன் எங்கள் பௌதிக சிஸ்டர் வந்துவிட்டார்கள்.

சிஸ்டர் காசை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். “இதில் ஆண்டு என்ன என்று எழுதி வைத்தீர்களா?” என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழுதவில்லை. ஏற்கெனவே தேய்ந்திருந்த காசு அது. ஒன்று, ஒன்பது, ஒன்று என்று மூன்று இலக்கங்கள் தெரிந்தன. நான்காவது இலக்கம் இருந்த இடத்தில் செங்கல் பொடியின் கீறல்கள் மட்டுமே இருந்தன. சிஸ்டர் எங்களைத் திட்டவில்லை. “பிள்ளைகளே, அழுக்கைத் துடைப்பதாக நினைத்து அதன் வயதைத் துடைத்துவிட்டீர்கள்” என்றார்கள். திட்டியிருந்தால் தேவலை என்று எங்களுக்குத் தோன்றியது.

அந்த இலக்கத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று நூலகத்தில் புகுந்தோம். அங்கே கற்றவற்றை இனிக் கூறுகிறோம்.

மீன் செதில் போன்ற காசு

கோபெக் என்ற பெயர் ஈட்டியைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. 1535ஆம் ஆண்டு, நான்காம் ஐவான் சிறுவனாக இருந்தபோது, அவன் சார்பில் ஆட்சி செய்த அவனுடைய தாய் எலேனா கிளின்ஸ்காயா நாணய முறையைச் சீர்படுத்தினாள். அப்போது வெளிவந்த வெள்ளிக் காசில் ஈட்டி ஏந்திய குதிரைவீரன் உருவம் இருந்தது. ஈட்டிக்காரன் காசு என்பதே கோபெக் ஆயிற்று. குதிரைமேல் இருப்பவன் அரசன் என்றே முதலில் கொண்டனர். பிற்காலத்தில் அவ்வுருவத்தைப் பறவைநாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜியாராகக் கண்டனர். ஜார் காலத்துக் கழுகின் மார்பில் உள்ள சிறு கேடயத்திலும் அவரே இருக்கிறார்.

அந்தக் காசு செய்த விதம் வேடிக்கையானது. வெள்ளியை உருக்கிக் கம்பியாக இழுப்பார்கள். கம்பியைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டித் தட்டையாக்குவார்கள். பிறகு இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியால் அடிப்பார்கள். அச்சு பெரியது, துண்டு சிறியது. ஆகையால் ஒரு காசில் குதிரையின் கால் இருக்கும், தலை இராது. இன்னொன்றில் தலை இருக்கும், கால் இராது. பார்ப்பதற்கு மீன் செதில் போல இருப்பதால் நாணயம் சேர்ப்போர் இவற்றைச் “செதில்” என்றே அழைக்கின்றனர். ஆரம்பத்தில் சுமார் 0.68 கிராம் இருந்த கோபெக், 1698 முதல் 0.28 கிராமாகக் குறைந்துவிட்டது. கைதவறி விழுந்தால் கிடைக்காத இக்காசுகளை ரஷ்யர்கள் வாயில் ஒதுக்கிக்கொண்டே பேரம் பேசினார்கள் என்று அந்நாளில் அங்கே சென்ற ஐரோப்பியப் பயணிகள் எழுதியுள்ளனர்!

இந்தச் சிறு காசுக்காக இரத்தமும் சிந்தியிருக்கிறது. மகா பீட்டரின் தந்தை அலெக்ஸி மன்னர் காலத்தில், போர்ச் செலவைச் சமாளிக்க, செம்பில் கோபெக் அடித்து அதை வெள்ளிக் கோபெக்குக்குச் சமம் என்று அறிவித்தார்கள். சம்பளத்தைச் செம்பில் கொடுத்தார்கள். வரியை மட்டும் வெள்ளியில் கேட்டார்கள். செம்புக் காசின் மதிப்பு சரிந்தது. விலைவாசி ஏறி ஏழைகள் தவித்தனர். 1662ஆம் ஆண்டு மாஸ்கோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டுப் பலர் மாண்டனர். மறுஆண்டு அரசே செம்புக் கோபெக்கை நிறுத்த நேர்ந்தது. சில்லறைதானே என்று எண்ணுவது எவ்வளவு தவறு, பாருங்கள்!

நூறு கோபெக் ஒரு ரூபிள்

1704ஆம் ஆண்டு மகா பீட்டர் நூறு கோபெக் ஒரு ரூபிள் என்ற முறையை நிலைநாட்டினார். நம் நாட்டில் அணா போய் நூறு காசுக் கணக்கு வந்தது 1957ஆம் ஆண்டுதான். பீட்டர் எவ்வளவு முந்திக்கொண்டார் என்பது இதிலிருந்து விளங்கும். கோபெக் செம்புக்கு மாறியது. கம்பி வெள்ளிக் காசு 1718ஆம் ஆண்டோடு நின்றது. 1721ஆம் ஆண்டு பீட்டர் சக்கரவர்த்திப் பட்டம் சூடினார். அதுமுதல் 1917 வரை உள்ள காலமே ரஷ்யப் பேரரசின் காலம்.

சிறு வெள்ளிக் காசு ஒவ்வொன்றுக்கும் மக்கள் வைத்த பெயர் உண்டு. பத்து கோபெக் “கிரிவென்னிக்”. இருபது கோபெக் “இரட்டைக் கிரிவென்”. பதினைந்து கோபெக்கின் பெயர்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதை “ஐந்து அல்தின்” என்றார்கள். அல்தின் என்பது மூன்று கோபெக் கொண்ட பழைய கணக்கு. ஐம்மூன்று பதினைந்து அல்லவா? அல்தின் என்பது தாத்தாரியர் மொழியில் ஆறு என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். ஓர் அல்தினில் அரைக் கோபெக் காசுகள் ஆறு உண்டு. அந்த அரைக் கோபெக்கின் பெயர் “தெங்கா”. இன்றும் ரஷ்ய மொழியில் பணம் என்பதற்கு “தெங்கி” என்றே பெயர்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் மறக்கவில்லை. ஆன்னா சக்கரவர்த்தினி காலத்துக் கிரிவென்னிக் காசில் பத்துப் புள்ளிகள் பொறித்தார்கள். புள்ளியை எண்ணினால் மதிப்புத் தெரிந்துவிடும். இரண்டாம் காதரீன் காலத்துச் சிறு வெள்ளிக் காசுகளில் அரசியின் முகமே இருந்தது. பிற்காலத்துச் சிறு காசுகளில் முகம் இல்லை. ஒரு பக்கம் இரட்டைத் தலைக் கழுகு, மறுபக்கம் கிரீடத்தின் கீழே இலைமாலை, அதன் நடுவே மதிப்பும் ஆண்டும். ஆகவே எந்த மன்னர் காலத்துக் காசு என்பதை ஆண்டைக் கொண்டுதான் அறிய வேண்டும். இரண்டாம் அலெக்சாந்தர் 1855 முதல் 1881 வரை, மூன்றாம் அலெக்சாந்தர் 1894 வரை, இரண்டாம் நிக்கோலாஸ் 1917 வரை ஆண்டனர்.

வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு?

சிறு காசுகளில் ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு 868 பங்கு வெள்ளி இருந்தது. மக்கள் அதை உருக்கினர்; வெளிநாட்டுக்கும் அது போயிற்று. சில்லறை கிடைப்பது அரிதாயிற்று. எனவே 1860ஆம் ஆண்டு வெள்ளியை 750 பங்காகவும், 1867ஆம் ஆண்டு 500 பங்காகவும் குறைத்தார்கள். அன்று முதல் இறுதிவரை ஐந்து, பத்து, பதினைந்து, இருபது கோபெக் காசுகள் பாதி வெள்ளி, பாதி செம்பு. எடையோ மனப்பாடம் செய்ய மிகவும் எளிது. ஐந்து கோபெக் 0.9 கிராம், பத்து 1.8, பதினைந்து 2.7, இருபது 3.6 கிராம். அதாவது மதிப்பு எத்தனை மடங்கோ எடையும் அத்தனை மடங்கு.

உண்மையில் பாதி வெள்ளிதானா என்று அறிய, ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பரீட்சித்துப் பார்க்கச் சிஸ்டர் அனுமதித்தார்கள். இருபது கோபெக் காசைப் பௌதிகத் தராசில் நிறுத்தோம், 3.5 கிராம் இருந்தது. தேய்மானம் போக அது சரியே. பிறகு மெல்லிய நூலில் கட்டிச் சுத்தமான தண்ணீரில் அமிழ்த்தி நிறுத்தோம். எடை 0.36 கிராம் குறைந்தது. 3.5ஐ 0.36ஆல் வகுத்தால் சுமார் 9.7. வெள்ளியின் ஒப்படர்த்தி 10.5, செம்பினுடையது ஏறக்குறைய 9. இரண்டையும் சம எடையில் கலந்தால் 9.7 அளவில்தான் வரும். ஒரு கீறலும் இல்லாமல் காசின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டோம்! போலிக் காசுகளை ஒதுக்கவும் இது நல்ல வழி. இரும்பு கலந்த போலியாயின் காந்தமே காட்டிக் கொடுத்துவிடும். மெல்லிய மென்மையான துணியில் ஒற்றித் தண்ணீரை எடுக்க வேண்டுமே தவிர, தேய்க்கக் கூடாது.

சின்ன எழுத்துகள் சொல்லும் சேதி

கழுகின் வாலருகே பொடி எழுத்துகள் இருக்கும். 1914க்கு முற்பட்ட காசுகளில் மூன்று எழுத்துகள் சேர்ந்திருந்தால் அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நாணயச் சாலையைக் குறிக்கும். அவற்றுள் நடுவெழுத்து வாசற்கால் போல இருக்கும். அத்துடன் நாணயச் சாலையில் பொறுப்பு வகித்த அதிகாரியின் பெயருடைய முதலெழுத்துகள் இரண்டும் இருக்கும். காசில் தவறு இருந்தால் பொறுப்பு அவருடையது என்பது பொருள்.

தாத்தாவின் இருபது கோபெக் 1915ஆம் ஆண்டுக் காசு. அதில் இருந்த இரண்டு எழுத்துகளையும் ஆங்கிலமாக நினைத்து “பி.ஸி.” என்று படித்து, கிறிஸ்துவுக்கு முற்பட்டதோ என்று நாங்கள் வியந்தது பெரிய வேடிக்கை! ரஷ்ய மொழியில் அவை “வி”, “எஸ்” என்று ஒலிக்கும். விக்டர் ஸ்மிர்னோவ் என்ற அதிகாரியின் பெயர் அது. 1914இல் போர் தொடங்கியதும் தலைநகரின் பெயர் பெட்ரோகிராடு என்று மாறிற்று. ஆகவே 1915ஆம் ஆண்டுக் காசில் பழைய நகரப் பெயரின் எழுத்துகள் இல்லை.

பதினைந்து கோபெக் காசு எங்களைத் திகைக்க வைத்தது. ஆண்டு 1916. ஆனால் எழுத்து எதுவுமே இல்லை. தேய்ந்துவிட்டதோ என்றால், கழுகின் இறகுகள் எல்லாம் தெளிவாக இருந்தன. விடை பிறகு கிடைத்தது. போர்க்காலத்தில் சில்லறைத் தேவை மிகுந்ததால், 1916ஆம் ஆண்டின் பத்து, பதினைந்து கோபெக் காசுகளில் ஒரு பகுதியை ஜப்பானில் ஒசாகா நகரில் அடித்துத் தருவித்தார்கள். ரஷ்ய அதிகாரி யாரும் அங்கே பொறுப்பு ஏற்கவில்லை. ஆகையால் எழுத்தும் இல்லை. 1904, 1905ஆம் ஆண்டுகளில் ரஷ்யாவுடன் போர் புரிந்த அதே ஜப்பான், பன்னிரண்டு ஆண்டுக்குள் ரஷ்யாவுக்குக் காசு அடித்துக் கொடுத்தது. இதற்கு முன் 1861இலும் இவ்வாறே பாரிஸ், ஸ்ட்ராஸ்பர்க் நகரங்களில் காசு அடிக்கப்பட்டது. அவற்றிலும் எழுத்து இராது. எழுத்து இருப்பது மட்டுமல்ல, இல்லாதிருப்பதும் ஒரு சேதி சொல்லும் என்று அறிந்தோம்.

காசு மறைந்தது, தபால்தலை வந்தது

1915, 1916ஆம் ஆண்டுகளில் இக்காசுகள் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டன. ஆயினும் கடைகளில் சில்லறை கிடைக்கவில்லை. 1914இல் போர் தொடங்கியபோது காகித ரூபிளுக்குத் தங்கம் கொடுப்பதை அரசு நிறுத்திவிட்டது. காகிதத்தின்மேல் நம்பிக்கை குறைந்த மக்கள், பாதி வெள்ளியானாலும் வெள்ளி அல்லவா என்று காசுகளைப் பானையிலும் பெட்டியிலும் ஒளித்து வைத்தார்கள். அதனால் 1915ஆம் ஆண்டு அரசு ஒரு புதுமை செய்தது. தபால்தலைப் படங்களைக் கெட்டி அட்டையில் அச்சிட்டுக் காசாக வெளியிட்டது! பத்து கோபெக்கில் இரண்டாம் நிக்கோலாஸ், பதினைந்தில் முதலாம் நிக்கோலாஸ், இருபதில் முதலாம் அலெக்சாந்தர். சில்லறை வெள்ளி நாணயத்துக்குச் சமமாக இது செல்லும் என்று பின்புறம் அச்சிட்டிருந்தது. தபால்தலை சேர்க்கும் எங்கள் தோழிகளும் நாணயம் சேர்க்கும் நாங்களும் சண்டையில்லாமல் பங்கு கேட்கக்கூடிய பொருள் இது ஒன்றுதான்.

1917ஆம் ஆண்டு நிக்கோலாஸ் முடி துறந்தார். அவ்வாண்டு பொறித்த சிறு வெள்ளிக் காசுகள் மிகக் குறைவு; இன்று கிடைப்பது அரிது. 1918இல் ரஷ்ய எழுத்துமுறையும் திருத்தப்பட்டது. பழைய காசில் கோபெக் என்ற சொல்லின் கடைசியில் ஒலியே இல்லாத ஓர் எழுத்து நிற்கும். புதிய அரசு 1921இல் அடித்த காசில் அந்த எழுத்து இல்லை. கழுகு போய் அரிவாளும் சுத்தியலும் வந்தன. ஆனால் எடை அதே 1.8, 2.7, 3.6 கிராம், வெள்ளியும் அதே பாதி. 1931ஆம் ஆண்டு வரை அப்படியே நீடித்தது. முடியரசு மறைந்த பின்னும் அதன் சில்லறை அளவு பத்தாண்டுகள் மறையவில்லை.

சேர்ப்போர் கவனத்திற்கு

எங்களைப் போல் நீங்களும் தவறு செய்யாதிருக்கச் சில குறிப்புகள்: காசைப் புளி, சாம்பல், பற்பொடி, எலுமிச்சை ஆகிய எதைக்கொண்டும் விளக்கக் கூடாது. வெள்ளியின் கறுமை அழுக்கன்று. காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களால் மேலே படிந்த மெல்லிய படலம். அதைத் தேய்த்து எடுக்கும்போது கூடவே வெள்ளியும் போகிறது. காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். கீழே மெத்தென்ற துணியை விரித்துக்கொள்ளுங்கள். வழவழப்பான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். அமிலமற்ற காகித உறைகளே நல்லவை. எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் கிடைத்தவுடன் மதிப்பு, ஆண்டு, எழுத்துகள், எடை, யாரிடமிருந்து வந்தது என்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு மற்றவை.

ஐந்து கோபெக்கின் விடை

எங்கள் ஐந்து கோபெக் காசு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ஆண்டு இருந்த பக்கத்தைக் கெடுத்துவிட்டோம். ஆனால் கழுகுப் பக்கத்தை நாங்கள் தொடவில்லை அல்லவா? அந்தக் கறுமைக்குள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். கண்ணாடியில் பார்த்த ஆங்கில “இ” போல ஓர் எழுத்து தெரிந்தது. அது ரஷ்ய “எ”. அதையடுத்து “பி” ஒலிக்குரிய எழுத்து. எலிகும் பாபயான்ட்ஸ் என்ற அதிகாரியின் பெயரெழுத்துகள் அவை. அவருடைய எழுத்துகள் 1913ஆம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. நம்மிடம் உள்ள ஆண்டோ ஒன்று, ஒன்பது, ஒன்று என்று தொடங்குகிறது. ஆகவே அது 1910க்கும் 1913க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளுள் ஒன்று. அதற்குமேல் எங்களால் போக முடியவில்லை. இனி யாராலும் போக முடியாது.

கண்காட்சிக்கு முதல் நாள் மூவரும் தாத்தாவிடம் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தாத்தா காசை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தனை வருஷமா டப்பாவுல வெச்சிருந்தேன். ஒரு நாள்கூட இதுல என்ன எழுதியிருக்குன்னு நான் பார்த்ததில்லையேம்மா” என்றார். பிறகு மற்ற மூன்று காசுகளின் கதையையும் கேட்டார். ஜப்பானில் அடித்த காசு என்றதும், “நான் ஒசாகாவுக்கும் போயிருக்கேன்” என்று சிறு பிள்ளைபோல் மகிழ்ந்தார்.

மறுநாள் கண்காட்சியில் நான்கு காசுகளையும் வைத்தோம். ஐந்து கோபெக்கின் அடியில் இவ்வாறு எழுதி வைத்தோம்: “ரஷ்யப் பேரரசு. ஐந்து கோபெக். பாதி வெள்ளி. 1910 முதல் 1913க்குள். ஆண்டின் கடைசி இலக்கம் எங்களால் அழிந்தது.” பளபளப்பாக இருந்த அந்த ஒரு காசைத்தான் பெற்றோர்கள் முதலில் பார்த்தார்கள். அட்டையைப் படித்த பிறகு, கறுத்திருந்த மற்ற மூன்றையும் குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள்.

உங்கள் வீட்டிலும் தாத்தா பாட்டியிடம் ஒரு டப்பா இருக்கக்கூடும். இந்த விடுமுறையில் அதைத் திறந்து பாருங்கள். கையில் புளியோடு போகாதீர்கள். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி